பழைய லிஸ்டா, புது லிஸ்டா? முதல்ல அதைக் கேள்!

தங்கச்சி, பைத்தான் லேபில் மார்க்கை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், வகுப்பில் நாலு பேருக்காவது திரையில் ‘நன்’ என்ற ஒற்றை வார்த்தைதான் வந்து நிற்கும். எரர் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. புரோகிராம் ஒழுங்காக ஓடி முடிந்திருக்கும், மார்க்கை மட்டும் காணோம். பல இன்ஜினியரிங் கல்லூரிகளில் முதல் வருஷத்திலேயே பைத்தான் வந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை கம்ப்யூட்டரையே தொடாதவர்களும் அதைத்தான் முதல் மொழியாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ‘நன்’ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். காரணம் இந்த ஒரு வரிதான்:

மார்க் = மார்க்.சார்ட்()

(கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் காட்டுகிறேன். டைப் பண்ணும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடி. பைத்தான் 3-ல் லிஸ்டின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை.)

சார்ட் என்பது இருக்கிற லிஸ்டையே உள்ளுக்குள் அடுக்கிவிடும். கையில் எதையும் திருப்பித் தராது, தருவது ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ‘நன்’ மட்டும். நீ அந்த ‘நன்’னை மார்க் என்ற பெயரிலேயே வாங்கிக்கொண்டாய். அடுக்கின லிஸ்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பெயரும் போனது, லிஸ்டும் போனது. மார்க்.சார்ட்() என்று தனி வரியாக எழுதியிருந்தால் போதும். பழைய வரிசையும் வேண்டும் என்றால் புதுசு = சார்ட்டட்(மார்க்) என்று எழுது. சார்ட்டட் புது லிஸ்ட் ஒன்றைக் கையில் தரும், பழையதைத் தொடாது.

லிஸ்டை வைத்து எதைச் செய்வதற்கு முன்னாலும் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இது பழைய லிஸ்டை மாற்றுகிறதா, புது லிஸ்ட் தருகிறதா? அப்பெண்ட், எக்ஸ்டெண்ட், இன்செர்ட், ரிமூவ், ரிவர்ஸ், கிளியர், சார்ட் எல்லாம் பழையதை மாற்றும், ‘நன்’னைத் தரும். பாப் மட்டும் கொஞ்சம் வேறு ரகம்: லிஸ்டிலிருந்து ஒன்றை எடுத்து, எடுத்ததைக் கையிலும் கொடுக்கும். சீட்டுக்கட்டு புரோகிராமில் எல்லோரும் பயன்படுத்தும் ரேண்டம்.ஷஃபிளும் லிஸ்டையே கலைத்துப் போடும், திருப்பி ஒன்றும் தராது. ஸ்லைஸ் பண்ணினாலும், கூட்டல் குறி போட்டு இரண்டு லிஸ்டை ஒட்டினாலும் புதுசு கிடைக்கும்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று எரிச்சலாக வரும். பைத்தானின் சொந்த ஆவணத்திலேயே பதில் இருக்கிறது. பெரிய லிஸ்டை அடுக்குவதற்காக ஒரு நகல் எடுப்பது வீண் செலவு, அதனால் இருந்த இடத்திலேயே அடுக்குகிறோம். பழைய வரிசை போய்விட்டது என்பது உனக்கு உறைக்கட்டும் என்றுதான் லிஸ்டைத் திருப்பித் தருவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு எச்சரிக்கையாவது காட்டியிருக்கலாம். ஆனால் பழகினபிறகு இதுவே பாதுகாப்பு என்று தோன்றும்.

ஒரு லிஸ்ட், இரண்டு பெயர்

அடுத்தது இதைவிடப் பெரிய தலைவலி. ‘பழைய லிஸ்ட் பத்திரமாக இருக்கட்டும்’ என்று நினைத்து பேக்கப் = மார்க் என்று எழுதுவாய். பிறகு மார்க்கில் ஒன்றை நீக்குவாய். பேக்கப்பைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அது இருக்காது. வீட்டில் அம்மு, பள்ளிக்கூடத்தில் அபிராமி என்று கூப்பிட்டாலும் பிள்ளை ஒன்றுதானே. அம்முவுக்கு மொட்டை அடித்துவிட்டு அபிராமிக்கு முடி இருக்கிறதா என்று தேடினால் எப்படி? சமக்குறி நகல் எடுக்காது, இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான்.

நிஜ நகல் வேண்டுமென்றால் மார்க்.காப்பி() என்றோ மார்க்[:] என்றோ எழுது. இரண்டும் ஒரே பொருளா, வேறு வேறா என்று சந்தேகம் வந்தால் பேக்கப் இஸ் மார்க் என்று கேட்டுப் பார். ‘ட்ரூ’ என்று வந்தால் நகல் எடுக்கவே இல்லை என்று அர்த்தம். இரட்டைச் சமக்குறி இதைச் சொல்லாது. உள்ளே இருக்கும் மதிப்புகள் ஒன்றா என்று மட்டுமே அது பார்க்கும்.

இதே காரணத்தால் ஃபங்ஷனுக்குள் லிஸ்டை அனுப்பும்போதும் உஷாராக இரு. உள்ளே போவது நகல் இல்லை, அதே லிஸ்ட். சராசரி கண்டுபிடிக்க எழுதின ஃபங்ஷனுக்குள் வசதிக்காக ஒரு சார்ட் போட்டிருந்தால், வெளியே ரோல் நம்பர் வரிசையில் இருந்த மார்க் முழுக்க இடம் மாறியிருக்கும். யாருக்கு எந்த மார்க் என்று தெரியாமல் போகும். ஃபங்ஷனுக்குள் லிஸ்டை மாற்றுவதானால் அதன் பெயரிலேயே அது தெரிய வேண்டும் என்பது என் கட்சி. இல்லையென்றால் சார்ட்டட் போட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டு வேலை பார்.

கூட்டல் சமக்குறியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அ = அ + [5] என்றால் புது லிஸ்ட் உண்டாகி அ என்ற பெயர் அதற்குப் போகும்; பழையதைப் பிடித்திருக்கும் மற்ற பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது. அ += [5] என்றால் பழைய லிஸ்டிலேயே 5 சேரும், எல்லாப் பெயர்களிலும் தெரியும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு. இன்டர்வியூவில் இதைக் கேட்காதவர்கள் குறைவு.

எக்ஸ்-ஓ விளையாட்டு எழுதும்போது மூன்றுக்கு மூன்று பலகை வேண்டும். சுருக்கமாக எழுதுகிறோம் என்று இப்படிப் போடுவார்கள்:

பலகை = [[0] * 3] * 3
பலகை[0][0] = 1

மேல் வரிசையில் முதல் கட்டத்தில் மட்டும் 1 வரும் என்று எதிர்பார்ப்பாய். பிரிண்ட் பண்ணினால் [[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]] என்று மூன்று வரிசையிலும் 1 நிற்கும். வெளியே இருக்கும் பெருக்கல் குறி மூன்று வரிசைகளை உண்டாக்கவில்லை. ஒரே வரிசையை மூன்று இடத்தில் காட்டுகிறது. உள்ளே [0] * 3 என்பதில் பிரச்சினை இல்லை. எண்ணை மாற்ற முடியாது, அதன் இடத்தில் வேறு எண்ணை வைக்கத்தான் முடியும். சரியான வழி:

பலகை = [[0] * 3 ஃபார் _ இன் ரேஞ்ச்(3)]

இப்போது ஒவ்வொரு சுற்றிலும் புது வரிசை பிறக்கும். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருக்கும்போது காப்பி() மேல் அடுக்கை மட்டுமே நகல் எடுக்கும் என்பதையும் இங்கேயே சேர்த்து நினைவில் வை. பலகையை முழுசாக நகல் எடுக்க காப்பி மாட்யூலில் டீப்காப்பி இருக்கிறது.

ஃபங்ஷனின் தலைப்பில் வருகை=[] என்று டீஃபால்ட் மதிப்பாக வெறும் லிஸ்டை வைப்பதும் இதே குடும்பத்துப் பிழைதான். அந்த லிஸ்ட் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாகப் பிறப்பதில்லை. டெஃப் வரி ஓடும்போது ஒருமுறை பிறப்பதோடு சரி. திங்கள்கிழமை வருகைப் பதிவில் சேர்த்த பெயர்கள் செவ்வாய்க்கிழமைப் பதிவிலும் வந்து உட்காரும். வருகை=நன் என்று வைத்துவிட்டு, உள்ளே போனதும் அது ‘நன்’னாக இருந்தால் வருகை = [] என்று எழுது.

நடக்கும்போதே நீக்காதே

ஐந்து பேர் மார்க். முப்பத்தைந்துக்குக் கீழே இருப்பதை நீக்க வேண்டும்.

மார்க் = [72, 31, 28, 85, 40]
ஃபார் ம இன் மார்க்:
    இஃப் ம < 35:
        மார்க்.ரிமூவ்(ம)

விடை [72, 28, 85, 40]. 31 போனது, 28 தப்பித்தது. பேப்பர் பேனா எடுத்து ஒரு தடவை நடத்திப் பார், அப்போதுதான் மனசில் நிற்கும். ஃபார் லூப் ‘இப்போது எத்தனையாவது இடம்’ என்ற எண்ணை மட்டுமே வைத்திருக்கிறது. பூஜ்யமாவது இடத்தில் 72, தாண்டிவிட்டது. ஒன்றாவது இடத்தில் 31, நீக்கியாயிற்று. நீக்கினதும் பின்னால் இருந்த எல்லாம் ஒரு இடம் முன்னால் நகர்கின்றன: 28 இப்போது ஒன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. லூப் அடுத்து இரண்டாவது இடத்தைப் பார்க்கப் போகிறது, அங்கே 85. 28-ஐ அது பார்க்கவே இல்லை.

இதில் மோசமான விஷயம், ஃபெயிலான மார்க்குகள் பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் விடை சரியாகவே வரும். நீ சோதித்த டேட்டாவில் ஓடும், எக்ஸ்டர்னல் வந்து வேறு எண் கொடுத்தால் சொதப்பும். அதனால் நீக்குவதைப் பற்றி யோசிக்காதே, வைத்துக்கொள்ள வேண்டியதைப் பற்றி யோசி:

பாஸ் = [ம ஃபார் ம இன் மார்க் இஃப் ம >= 35]

இந்த எழுத்துமுறைக்கு லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்று பெயர். ஹாஸ்கெல் என்ற மொழியைப் பார்த்து 2000-ல் வெளியான பைத்தான் 2.0-ல் சேர்த்தார்கள். ஒரு ஃபார், ஒரு இஃப் வரைக்கும் அழகு. மூன்று ஃபாரையும் இரண்டு இஃபையும் ஒரே வரியில் திணித்துவிட்டு ‘ஒன்-லைனர்’ என்று காலரைத் தூக்கிவிடும் பையன்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களையே அடுத்த வாரம் அந்த வரியைப் படித்து விளக்கச் சொல், தெரியும்.

எண்ணா, எழுத்தா

கீபோர்டிலிருந்து இன்புட் வாங்கி ஸ்பிளிட் பண்ணினால் கிடைப்பது எண்கள் இல்லை, எண் போலத் தெரியும் எழுத்துகள். அடுக்கினால் ['100', '35', '72'] என்று வரும். நூறு மார்க் வாங்கினவள் ஏறுவரிசையில் முதலில், அதாவது கடைசி ரேங்கில்! எழுத்தாகப் பார்க்கும்போது முதல் எழுத்திலிருந்துதான் ஒப்பிடும். 1 என்பது 3-க்கு முன்னால். வாங்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் இன்ட் ஆக்கிவிடு, பிறகு எங்கேயும் கவலை இல்லை.

பெயரும் மார்க்கும் ஜோடியாக இருக்கும் லிஸ்டை மார்க்கை வைத்து அடுக்க, சார்ட்டுக்கு கீ என்று ஒன்றைக் கொடுக்கலாம்: ‘எதைப் பார்த்து ஒப்பிட வேண்டும்’ என்று சொல்லும் சின்ன ஃபங்ஷன் அது. பைத்தானின் சார்ட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கீ சமமாக இருப்பவற்றை அது இடம் மாற்றாது, முன்னால் இருந்தது முன்னாலேயே இருக்கும். அதனால் முதலில் பெயரை வைத்து அடுக்கிவிட்டு, பிறகு மார்க்கை வைத்து அடுக்கினால், ஒரே மார்க் வாங்கினவர்கள் தங்களுக்குள் பெயர் வரிசையில் இருப்பார்கள். இறங்குவரிசை வேண்டுமென்றால் ரிவர்ஸ்=ட்ரூ கொடு; அப்போதும் இந்தக் குணம் மாறாது. 2002-ல் டிம் பீட்டர்ஸ் என்பவர் பைத்தானுக்காக எழுதின முறை இது, அவர் பெயரிலேயே டிம்சார்ட் என்கிறார்கள். ஏற்கெனவே பாதி அடுக்கியிருக்கும் லிஸ்டை அது மிகச் சீக்கிரம் முடித்துவிடும். நிஜ வாழ்க்கையில் வரும் டேட்டா பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிறகு ஜாவாவும் இதையே எடுத்துக்கொண்டது.

லிஸ்டால் ஆகாத வேலை

பைத்தான் லிஸ்ட் உள்ளுக்குள் ஒரு நீள வரிசை. பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முகவரிகள் அதில் அடுத்தடுத்து இருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சரில் படிக்கும் லிங்க்டு லிஸ்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. ஆயிரமாவது பொருளைக் கேட்டாலும் நேராகப் போய் எடுக்கும். கடைசியில் சேர்ப்பதும் எடுப்பதும் மலிவு, ஏனென்றால் இடம் பற்றாமல் போகும்போதெல்லாம் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் பிடித்துவைக்கும். முன்னால் சேர்ப்பதும் எடுப்பதும்தான் செலவு. பாப்(0) என்றால் மீதி அத்தனையும் ஒரு இடம் நகர வேண்டும். நூறு பேர் வரிசைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. லட்சக்கணக்கில் வந்தால் டெக் என்று கலெக்ஷன்ஸ் மாட்யூலில் ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் அதற்குச் சிரமமே இல்லை.

இந்தப் பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று ‘இன்’ போட்டுக் கேட்கும்போது பைத்தான் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரும். பத்தாயிரம் ரோல் நம்பர் ஒரு லிஸ்டில், இன்னொரு பத்தாயிரம் இன்னொரு லிஸ்டில், இரண்டிலும் இருப்பது எது என்று லூப் போட்டால் மோசமான நிலையில் பத்துக் கோடி ஒப்பீடு. டீ குடித்துவிட்டு வரலாம். ஒன்றை செட்டாக மாற்றிவிட்டுக் கேள், கண் மூடித் திறப்பதற்குள் முடியும். செட்டுக்கு வரிசை கிடையாது, ஒரே பொருளை இரண்டு முறை வைத்துக்கொள்ளாது. வரிசை மாறாமல் இரட்டிப்பு மட்டும் போக வேண்டுமா? லிஸ்ட்(டிக்ட்.ஃப்ரம்கீஸ்(பெயர்கள்)) என்று எழுது. டிக்ஷனரி சேர்த்த வரிசையைக் காப்பாற்றும் என்பது பைத்தான் 3.7-லிருந்து உறுதி.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவது, மைனஸ் 1 கடைசிப் பொருள் என்பதெல்லாம் நீ வகுப்பிலேயே படித்திருப்பாய். சொல்லாமல் விடுவது ஒன்று: ஐந்து பொருள் உள்ள லிஸ்டில் மார்க்[5] கேட்டால் எரர் வரும், மார்க்[5:9] கேட்டால் வராது, சத்தமில்லாமல் வெறும் லிஸ்டைத் தரும். ஸ்லைஸில் எண் தப்பாகப் போட்டால் உனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு லிஸ்டை ஜோடி சேர்க்கும் ஜிப்பும் இப்படித்தான். பத்துப் பெயர், ஒன்பது மார்க் என்று இரண்டு லிஸ்டைக் கொடுத்தால் பத்தாவது ஆளை அப்படியே கோட்டை விட்டுவிடும். பைத்தான் 3.10-லிருந்து ஜிப்புக்குள் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ என்று சேர்க்கலாம்; நீளம் ஒத்துப்போகாவிட்டால் கத்தும். பரீட்சை டேட்டா, சம்பள டேட்டா எதுவானாலும் நான் இதைச் சேர்க்கச் சொல்லுவேன்.

தமிழ்ப் பெயர்களை அடுக்கும்போது

இது எந்தப் புத்தகத்திலும் சிக்காது, ஆனால் ஊர் நூலகத்துக்கோ கல்யாண மொய்க் கணக்குக்கோ ஒரு புரோகிராம் எழுதினால் முதல் நாளே முட்டும். இந்த லிஸ்டை சார்ட் பண்ணிப் பார்:

['மழை', 'மறதி', 'மலை', 'மவுனம்', 'மளிகை']

வருவது: மறதி, மலை, மளிகை, மழை, மவுனம். நம் அகராதி வரிசையோ மலை, மவுனம், மழை, மளிகை, மறதி. ய ர ல வ ழ ள ற ன என்று நாம் படித்த வரிசை பைத்தானுக்குத் தெரியாது. அது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் கொடுத்திருக்கும் எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. அந்த எண் வரிசையில் ற என்பது ர-வுக்கு அடுத்தும், ன என்பது ந-வுக்கு அடுத்தும், ள என்பது ழ-வுக்கு முன்னாலும் இருக்கின்றன. அதனால் கனி, கபிலனுக்கு முன்னால் வந்துவிடுவாள். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் அகதி முதலில் வந்து அக்கா பின்னால் போய்விடுவாள். இதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது!

சரிசெய்ய சார்ட்டின் கீயே போதும். வரிசை என்று ஒரு ஸ்ட்ரிங் எழுதிக்கொள். முதலில் புள்ளி, பிறகு அ முதல் ஔ, ஃ, பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன, அதன் பின்னால் ஜ ஷ ஸ ஹ, கடைசியில் கால், கொம்பு முதலான உயிர்க்குறிகள். இடைவெளி விடாமல் ஒட்டி எழுது. பிறகு:

பெயர்கள்.சார்ட்(கீ=லாம்ப்டா பெ: [வரிசை.ஃபைண்ட்(எ) ஃபார் எ இன் பெ])

ஒவ்வொரு பெயரும் எண்களின் லிஸ்டாக மாறுகிறது. இரண்டு லிஸ்டை ஒப்பிடும்போது பைத்தான் முதல் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும், வித்தியாசம் வரும் இடத்தில் முடிவு செய்யும். இன்டெக்ஸ் போடாமல் ஃபைண்ட் போட்டதற்குக் காரணம் உண்டு. பெயருக்கு நடுவில் இடைவெளியோ இனிஷியலோ வந்தால் இன்டெக்ஸ் எரர் கொடுத்து நின்றுவிடும், ஃபைண்ட் மைனஸ் 1 தந்துவிட்டு மேலே போகும்.

எழுத்தை எண்ணுவதிலும் இதே சங்கதி. லிஸ்ட்('தமிழ்') என்றால் மூன்று எழுத்து வராது, ஐந்து துண்டு வரும்: த, ம, தனியே ஒரு இகரக்குறி, ழ, தனியே ஒரு புள்ளி. அந்த லிஸ்டைத் தலைகீழாக்கினால் புள்ளி முதலில் வந்து நிற்கும், படிக்கவே முடியாது. தமிழ் வார்த்தை விளையாட்டு எதையாவது எழுதப்போகிறாய் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற இலவச பேக்கேஜை பிப்பில் இன்ஸ்டால் பண்ணிக்கொள். அதில் கெட்_லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு அதே வார்த்தையைக் கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகவே பிரித்துத் தரும். தருவது புது லிஸ்ட்; நீ கொடுத்த வார்த்தை அப்படியே இருக்கும்.